வெளிச்சம் பட்டால் கிருமி சாகும், சரி; அம்மாவின் கால் புண்?

கேள்வி: மண்டபம் பக்கம் இருக்கிறோம். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். சர்க்கரை நோய் உண்டு. பாறை கிழித்த கால் புண் மூன்று வாரமாக ஆறவில்லை. வெளிச்சம் பட்டாலே பாக்டீரியாவைக் கொல்லும் நானோ கோட்டிங் என்று ஒருவர் வந்தார். அம்மா படுக்கும் அறைச் சுவருக்கு அடித்தால் புண் ஆறுமா?

பதில்: ஆறாது. ஆனால் வந்தவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

இந்தப் பூச்சுகளில் பெரும்பாலும் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். 1972-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இது ஒளி பட்டால் தண்ணீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் என்று காட்டினார்கள். 1985-இல் கிருமியையும் கொல்லும் என்று தெரிந்தது. புற ஊதா ஒளி விழுந்ததும் துகளுக்குள் எலக்ட்ரான் எழும்பும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து, எதிலும் பாயும் மூலக்கூறுகள் உருவாகும். அவை பாக்டீரியாவின் மேலுறையை அரித்து ஓட்டை போட, உள்ளே இருப்பது வெளியே கசிந்து அது சாகும். கிருமியின் ஒரே பாகத்தை மட்டும் தாக்காமல் கண்ட இடத்தில் எல்லாம் தாக்குவதால், மருந்துக்குப் பழகுவதுபோல் கிருமி இதற்கு எளிதில் பழகாது.

வீட்டு வெள்ளை பெயின்டிலும் இதே பொருள்தான். அங்கே இந்த வேலையைச் செய்யாதபடி துகளுக்கு உறை போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் பெயின்டையே அரித்து, சுவரைத் தொட்டால் கையில் மாவாக ஒட்டும்.

சிக்கல் எங்கே? அந்த மூலக்கூறுகளில் வீரியமானது கண் இமைக்கும் நேரம்கூட உயிரோடு இருக்காது. சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிருமிதான் சாகும். கட்டிலில் நீட்டிய காலுக்கு அது எட்டாது. எல்இடி விளக்கில் புற ஊதா ஒளி அநேகமாக இல்லை. போதாததற்கு உங்கள் ஊர் உப்புக்காற்று வேறு, பூச்சின் மேல் படலமாகப் படியும். சாதாரண வெளிச்சத்துக்கும் வேலை செய்யும் பூச்சை 2014-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செய்தார்கள்: சிலிக்கோனில் மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாயம், தங்க நானோ துகள், அப்புறம் நம் பாட்டிமார் வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஊதா மருந்தின் சாயம். அதுவும் பலர் கை படும் ஆஸ்பத்திரிப் பரப்புகளுக்குத்தான், புண்ணுக்கு இல்லை.

அப்படியானால் புண்ணிலேயே தடவலாமா என்று யோசிக்காதீர்கள். கிருமியின் உறையை அரிப்பது நம் சதையையும் விட்டுவைக்காது. ஸ்ப்ரே அடிக்கும்போது மூச்சில் போவதும் நல்லதல்ல.

எனக்கு அந்த மூன்று வாரம்தான் உறுத்துகிறது. சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், வலி இல்லை என்று விட்டுவிடக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா உண்டு. சர்க்கரை, ஈரல் நோய் உள்ளவர்களின் புண்ணில் அது நுழைந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். புண்ணைச் சுற்றி வேகமாகச் சிவந்து வீங்கினாலோ, கருநீலக் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அதெல்லாம் இல்லாவிட்டாலும் நாளைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஆறும்வரை கடலில் இறங்க வேண்டாம். புண் கடலில் பட்டது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுப்பார். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும். கடைசியாகச் சர்க்கரை பார்த்த சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.