கம்பிப் பிரஷும் கல்லறைக் கற்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் குடியேறிச் சில வருடங்கள் ஆகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் தன் ஊரான செல்போர்னின் இயற்கையைப் பற்றி எழுதிய பாதிரியார் கில்பர்ட் வைட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஜனவரியில் குழந்தைகளோடு செல்போர்ன் தேவாலயத்துக்குப் போனோம். குளிர், சேறு, வாசலில் ஒரு பட்ட மரத்தின் அடிப்பகுதி. ஏமாற்றமாக இருந்தது. எந்தப் பருவத்தில் போகலாம்? நாங்கள் இந்துக்கள், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

அப்பா ஊரில் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. இங்கே எங்கள் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தால் மனம் கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் கற்களெல்லாம் பாசி பிடித்து, கோடையில் இடுப்பளவு புல்லுக்குள் அநாதையாகக் கிடக்கின்றன. அடுத்த மாதம் சிலர் சேர்ந்து ப்ளீச்சும் கம்பிப் பிரஷும் கொண்டு சுத்தம் செய்யப்போகிறோம். அப்பாவுக்குச் செய்வதாக நினைத்துக்கொள்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்தக் கம்பிப் பிரஷைக் கீழே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அப்பாவின் காரியத்துக்குப் போக முடியாத துக்கம் கைக்கு ஏதாவது வேலை கேட்டுக்கொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆகவேதான் இதைக் கோபமாக எழுதிவிடக் கூடாது என்று பார்க்கிறேன். பெஞ்சில் உட்காருங்கள், சாப்பிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எந்தப் பருவம் என்றால், எல்லாப் பருவமும்தான்.

ஆனால் 'பட்ட மரம்' என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறீர்களே! 1789இல் வெளியான தன் நூலில் வைட் அந்த யூ மரத்தின் சுற்றளவு 23 அடி என்று எழுதினார். 1990 ஜனவரி 25 அன்று அடித்த புயலில் அது சாய்ந்தது. வேர்களுக்கிடையே பழைய மனிதர்களின் எலும்புகள் வந்தன. ஊர்க்காரர்கள் அதை நிமிர்த்தி மறுபடி நட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. அதன் கிளையிலிருந்து வளர்த்த கன்று அதே தோட்டத்தில் இன்று நிற்கிறது. குழந்தைகளுக்கு அதைக் காட்டினீர்களா?

வைட் காலத்தில் அந்த ஊரில் எல்லோருக்கும் தேவாலயத்தின் தெற்குப் பக்கம்தான் வேண்டும். புதிதாக ஒருவரைப் புதைக்க முன்னோர் எலும்பைக் கிளற வேண்டிய அளவுக்கு அங்கே நெரிசல் என்று எழுதுகிறார். வடக்குப் பக்கத்தை மக்கள் ஒதுக்கினார்கள். இரண்டு மூன்று நல்ல குடும்பங்கள் அங்கே புதைக்கத் தொடங்கியிருப்பதால் இந்த மனத்தடை மெல்லப் போகும் என்று நம்பினார். அவர் கல்லும் வடக்கில்தான் இருக்கிறது. 'ஜி.டபிள்யூ.', 1793 ஜூன் 26 என்ற தேதி, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் 'பாசி'. சமீப காலமாக நான் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உங்களுக்கு உடனே பதில் எழுதுகிறேன். கல்லில் சாம்பலும் ஆரஞ்சுமாகத் தேமல்போலப் படர்ந்திருப்பது அழுக்கு அல்ல, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். உங்கள் சமையலறை மசாலாவில் இருக்கும் கல்பாசியும் அந்த இனம்தான். பல வகைகள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று இருந்தால், அந்தக் கல்லை நட்டவர்களின் பேரன் காலத்திலேயே அது அங்கே இருந்திருக்கலாம். பிரிட்டனின் சுமார் 2000 வகைகளில் 700க்கும் மேல் கல்லறைத் தோட்டங்களில் பதிவாகியிருக்கின்றன. பாறையே இல்லாத சமவெளியில் அவற்றுக்கு வேறு கல் ஏது? சுண்ணாம்புக்கல்லில் ஒரு கூட்டம், மணற்கல்லில் வேறு கூட்டம், ஒரே கல்லின் வெயில்படும் முகத்தில் ஒன்று, நிழல் முகத்தில் இன்னொன்று. இதையெல்லாம் அரை மணி நேரத்தில் ப்ளீச் ஊற்றி முடித்துவிடுவீர்கள்.

கல்லும் தப்பாது. உங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், நல்ல மனதோடுதான், யாரோ மணற்கல் ஒன்றைத் தேய்த்திருந்ததைப் பார்த்தேன். மேல்தோல் ஏடாக உரிந்து, பெயர் போய்விட்டது. இருநூறு வருட மழை விட்டுவைத்த பெயர் அது! அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சட்டப்படியும் அந்தக் கற்கள் நட்டவர்களுக்கும், அவர்களுக்குப் பின் யார் நினைவாக நட்டார்களோ அவரின் வாரிசுகளுக்கும் சொந்தம். பாதிரியாரிடம் கேட்டீர்களா?

புல்லும் அநாதை இல்லை. 1930களுக்குப் பிறகு இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் பூப்புல்வெளிகளில் 97 சதவீதத்தை உழுதும் உரமிட்டும் இழந்துவிட்டன. கல்லறை நிலத்தை யாரும் உழவில்லை. பிப்ரவரியில் ஸ்னோடிராப், ஏப்ரலில் ப்ரிம்ரோஸ், மே மாதம் கௌ பார்ஸ்லி வெள்ளையாகப் பொங்கும், அப்புறம் ஆக்ஸ்ஐ டெய்சி. ஜூனில் புல்வெட்டும் மெஷின் ஓட்டினால் விதை விழாது, அடுத்த வருடம் வெறும் புல்தான். மே முதல் ஆகஸ்ட் வரை கோபுரத்தைச் சுற்றிக் கத்தும் உழவாரன் குருவிகளுக்கும் பூச்சி வேண்டாமா? வைட் தன் ஊரில் 8 ஜோடிகளை எண்ணினார், பாதி தேவாலயத்திலேயே கூடு கட்டியவை.

அப்பாவுக்காக ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால், உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பாதிரியாரிடம் போய், ஒரு மூலையை ஜூலை கடைசி வரை வெட்டாமல் விடக் கேளுங்கள். ஆகஸ்டில் அரிவாளால் அறுத்து, அறுத்த புல்லை வாரி வெளியே போடும் வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். அங்கேயே கிடந்து மக்கினால் மண்ணில் சத்து ஏறி, தொட்டால் அரிக்கும் நெட்டில் செடி வந்துவிடும். முதுகு ஒடியும் வேலை. நீங்கள் தேடும் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். கற்களில் பெயர் படிக்க வேண்டுமா, மாலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள்.