மழைக்கு ஒதுங்கிய நாற்பது நிமிடம்

வணக்கம் சார்,

மலைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். போன செப்டம்பரில் நானும் என் மனைவியும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பதினொரு நாள் சுற்றினோம். யோசெமிட்டி, ஸயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் என்று ஐந்து தேசியப் பூங்காக்கள். மொத்தம் 3,400 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், நான் பார்த்த மலை ஒன்றில்கூட இல்லை. எல்லாம் தட்டையாக, சின்னதாக இருக்கின்றன. போதாததற்கு எங்கே பார்த்தாலும் ஆட்கள். ஆளில்லாத ஒரு காட்சி கிடைக்கவே இல்லை. யெல்லோஸ்டோனில் ஒரு பைசனை (அமெரிக்கக் காட்டெருமை) இருபதடி தூரம்வரை நெருங்கி எடுத்தேன், அதுவும் சுமார்தான். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் படம் ஒன்றே ஒன்று. யெல்லோஸ்டோனின் லாமர் பள்ளத்தாக்கில் மழை பிடித்துக்கொண்டதால் காரை ஓரமாக நிறுத்தி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். மழை விடும் நேரத்தில் தூரத்துப் புல்வெளியில் ஒரு கீற்று வெயில் விழுந்தது. ஜன்னலை இறக்கி எடுத்தது. கேமராவை மாற்ற வேண்டுமா? "நீங்க மலையைப் பார்த்தீங்களா, ஸ்கிரீனைப் பார்த்தீங்களா?" என்று என் மனைவி கேட்டாள், பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள படகோனியா போகத் திட்டம். எட்டு நாளில் ஃபிட்ஸ் ராய் சிகரம், பெரிட்டோ மொரேனோ பனியாறு, டோரஸ் டெல் பைன் தேசியப் பூங்கா மூன்றையும் பார்ப்பதாக இருக்கிறோம்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கேமராவை மாற்ற வேண்டாம். பதினொரு நாளில் நீங்கள் காத்திருந்த ஒரே இடம் லாமர் பள்ளத்தாக்கு. அங்கே கிடைத்த படம்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. மற்ற இடங்களில் நீங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் என்ன வெளிச்சம் இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஐந்து பூங்காக்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்த்தால், பல இடங்களுக்கு உச்சி வெயிலில்தான் போயிருப்பீர்கள். வெயில் தலைக்கு நேர்மேலே நிற்கும்போது பாறையின் மடிப்புகளில் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் மலைக்கு மேடு பள்ளம் தெரியாது. நீங்கள் சொல்லும் தட்டை இதுதான்.

ஹாஃப் டோம் பாறையை யோசெமிட்டியில் பார்த்திருப்பீர்கள். 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் அதன் மேற்குத் தோளுக்கு ஏறிப் போனார். அப்போது அவருக்கு வயது 25. பையில் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள். பன்னிரண்டு படம் எடுக்கலாம், அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்த நண்பகலில் பாறையின் முகம் முழுக்க நிழலில் இருந்தது. அது வடமேற்கு பார்த்த முகம், பிற்பகலில்தான் வெயில் அதன்மேல் சாய்வாக ஊர்ந்து வரும். காத்திருந்தார். வெயில் வந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டே தகடுகள். முதலாவதை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த கையோடு, அந்தப் பாறை தன் மனதில் இருக்கும் விதத்தில் இந்தப் படம் வராது என்று தோன்றியிருக்கிறது. மஞ்சள் ஃபில்டரைக் கழற்றி அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு, நீல ஒளியைத் தடுத்துவிடும் என்பதால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் ஏறக்குறையக் கறுப்பாகிவிட்டது, பாறை எழுந்து முன்னால் வந்துவிட்டது. கடைசித் தகட்டில் பதிந்த அந்தப் படம்தான் இன்றும் பேசப்படுகிறது. ஃபில்டரைவிட அவர் அங்கே உட்கார்ந்திருந்த நேரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான், முதல் படம் போதாது என்று அவரால் அங்கேயே கண்டுகொள்ள முடிந்தது.

கிராண்ட் டீட்டனில் ஸ்வாபாக்கர் லேண்டிங் என்று ஆற்றோரமாக ஓர் இடம் உண்டு. நான் அங்கே மூன்று நாள் விடியலுக்கு முன்பு போய் நின்றேன். டீட்டன் மலைகளுக்கு முன்குன்றுகள் கிடையாது. கிழக்குப் பக்கம் ஒரு பிளவுக்கோடு ஓடுகிறது. அதையொட்டி மலை மேலெழுந்தது, பள்ளத்தாக்கு கீழிறங்கியது. அதனால் சமதரையிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல் ஒரே மூச்சில் எழும்பி நிற்கும். கிராண்ட் டீட்டன் சிகரம் 4,199 மீட்டர். முதல் நாள் மேகம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் துடைத்துவிட்ட மாதிரி வானம். எடுத்தேன், வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் நல்ல குளிர். புல்லின்மேல் உறைபனி, ட்ரைபாட் காலைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. தண்ணீரிலிருந்து ஆவி முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. சூரியன் இன்னும் எழவில்லை. மலைக்குப் பின்னால், மேற்கு வானத்தின் அடியில் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று, அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று. கீழே இருப்பது பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்த உருண்டையின் நிழலே காற்றில் விழுந்து கிடக்கிறது. அது மெல்ல இறங்கி மறைந்தபின் சிகரத்தின் நுனியில் மட்டும் சிவப்பு வந்தது, ஒரு நகத்தளவு. அப்புறம் அந்த வெளிச்சம் பாறை வழியாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. சிவப்பு செம்மஞ்சளாகி, மஞ்சளாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கு ஒன்று, வாயில் பச்சைக் குச்சியோடு, தண்ணீரில் தெரிந்த சிகரத்தைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு நீந்திப் போனது. அது எழுப்பிய அலை இரண்டு கரையையும் தொட்டு அடங்கும்வரை நான் பொத்தானை அழுத்தவில்லை. பிம்பம் திரும்பக் கூடிவரும்போதுதான் எடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் பத்தொன்பது படம்.

உங்கள் மனைவி கேட்டதற்கும் என்னிடம் உள்ள பதில் அந்தக் காலைதான். கேமரா கையில் இருந்தால் கண் திரைக்குத்தான் போகும். ட்ரைபாட்டில் நிறுத்திவிட்டால் கண் மலைக்குத் திரும்பிவிடும். ஓரிடத்துக்குப் போனதும் முதல் அரைமணி நேரம் நான் கேமராவை வெளியே எடுப்பதில்லை. உங்கள் மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். என்ன தெரிகிறது என்று அவரையும் கேளுங்கள்.

மலை சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் லென்ஸ். பெரிய காட்சி என்றதும் அகன்ற கோண லென்ஸைத்தான் எல்லோரும் மாட்டுகிறோம். அது காலடியில் கிடக்கும் கல்லைப் பெரிதாக்கும், தூரத்தில் இருக்கும் சிகரத்தைக் கடுகாக்கிவிடும். மலையைப் பார்க்கும்போது நம் கவனம் ஒரு சிறு பகுதியில் குவிகிறது. அந்தக் குவிப்பை, தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70–200 மில்லிமீட்டர் லென்ஸ் ஓரளவு தரும். மலை முழுவதையும் எடுத்தே தீருவேன் என்று நிற்காமல், ஒரு முகடு, ஒரு பனிச்சரிவு, அதில் விழும் நிழல் என்று எடுத்துப் பாருங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் தீரும், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கதகதப்பான அறைக்குள் வருமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

சரி, பைசன். இதைக் கொஞ்சம் கண்டிப்போடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபதடி என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. யெல்லோஸ்டோன் விதிப்படி கரடி, ஓநாய்களிடமிருந்து 91 மீட்டர், பைசன் உட்பட மற்ற பெரிய விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நீங்கள் நின்றது ஆறு மீட்டரில். அந்தப் பூங்காவில் மனிதர்களை அதிகம் காயப்படுத்திய விலங்கு கரடியல்ல, பைசன்தான். மந்தமாக மேய்வது போலத் தெரியும், ஆனால் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வால் மேலே நிமிர்ந்தால் அது எரிச்சலில் இருக்கிறது. உங்கள் உயிர் ஒரு பக்கம். நாம் நெருங்க நெருங்க அது மேய்வதை நிறுத்துகிறது, குளிர்காலத்துக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பு அந்த மேய்ச்சலில்தான் இருக்கிறது. நாம் தலையைத் தூக்க வைத்த விலங்கின் படத்தில் அதன் வாழ்க்கை இல்லை, நம்மைப் பார்த்த பயம்தான் இருக்கிறது. இனி அப்படி நெருங்காதீர்கள்.

ஆளில்லாத காட்சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற ஒளிப்படக்காரர் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் கோவேறு கழுதைகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய், 18க்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். அந்தப் படங்கள் கிழக்குக் கரை நகரங்களில் பலரை அசைத்தன. 1864இல் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். அதற்கு ஏழெட்டு ஆண்டு கழித்து, இன்னொரு ஒளிப்படக்காரரான வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1871இல் எடுத்த படங்களும் துணைநிற்க, 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது. ஒளிப்படம் செய்த மகத்தான காரியம் இது, எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் வாட்கின்ஸ் படங்களில் அந்தப் பள்ளத்தாக்கு யாருமற்றதாகத் தெரிகிறது. அவர் போவதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1851இல், ஆயுதப் படை ஒன்று உள்ளே நுழைந்து, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த அவாநீச்சி மக்களைத் துரத்தியது, ஊர்களைக் கொளுத்தியது. நாம் தேடும் அந்த வெறுமை தானாக வந்ததல்ல. இது தெரிந்த பிறகு, ஆட்கள் நிற்கும் படங்களை அழிக்க எனக்கு மனம் வருவதில்லை. சிகரத்துக்கு முன்னால் கடுகளவாக ஒருவர் நின்றால் மலையின் அளவும் அப்போதுதான் தெரிகிறது. உங்கள் 3,400 படங்களை அந்தக் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள்.

படகோனியா. எட்டு நாளில் மூன்று இடம் வேண்டாம். டோரஸ் டெல் பைன் சிலியில், மற்ற இரண்டும் அர்ஜென்டினாவில், நடுவே எல்லை தாண்டவே நேரம் போய்விடும். பனியாற்றுக்கு ஒரு நாள் கொடுங்கள். மீதி நாட்களை எல் சால்ட்டென் ஊரில் தங்கி, ஃபிட்ஸ் ராய்க்கே கொடுத்துவிடுங்கள். நடைபாதைகள் அந்த ஊரிலிருந்தே தொடங்குகின்றன. 3,405 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் கிழக்கு முகத்தில்தான் விடியல் வெளிச்சம் முதலில் விழும். மேகம் பல நாள் விலகாது. அந்தப் பகுதியின் பழங்குடியினரான தெவெல்சே மக்கள் அந்தச் சிகரத்தைச் சால்ட்டென் என்று அழைத்தார்கள், புகையும் மலை என்று பொருள். உச்சியில் எப்போதும் மேகம் நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். அங்கே காற்று மிகவும் பலமாக வீசும், ட்ரைபாட்டின் நடுவில் உங்கள் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். மறக்காமல் அந்த லாமர் படத்தை எனக்கு அனுப்புங்கள்.