நாலு நிமிட ரீலை நாற்பது வினாடியாக்குங்கள், தம்பி

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன், வயது 22. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். ஒரு வருட அனிமேஷன் கோர்ஸ் முடித்துவிட்டு ஆறு மாதமாக ஜூனியர் அனிமேட்டர் வேலைக்கு நாற்பது ஸ்டுடியோவுக்கு மெயில் போட்டுவிட்டேன், ஒரு பதிலும் இல்லை. நான் செய்த ஷாட்களைத் தொகுத்த ரீலின் லிங்க்கை இணைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் ரோட்டோ வேலை, அதாவது படத்தில் இருப்பவற்றின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து பிரிக்கிற வேலை இருக்கிறதாம், போகலாமா? இன்னொருவர் 30,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் வேலை உறுதி என்கிறார். வீட்டிலோ இந்தச் சினிமா வேலையெல்லாம் நமக்கு எதற்கு என்கிறார்கள்.

பதில்: தம்பி, முதலில் அந்த 30,000. கட்டாதீர்கள். வேலை தருகிறவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இப்போது ரீல். இரண்டு முறை பார்த்தேன். நாலு நிமிடம் பத்து வினாடி ஓடுகிறது, அதில் முதல் 18 வினாடி உங்கள் பெயர் சுழன்றுகொண்டே இருக்கிறது, அப்புறம் பயிற்சி மையத்தின் லோகோ, அப்புறம் ஒரு கார் மாடல், ஒரு அறைக்குப் போட்ட லைட்டிங், இதெல்லாம் தாண்டி நடக்கிற பையன் வரும்போது இரண்டரை நிமிடம் போய்விடுகிறது. ஆள் எடுப்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். நானே ஒரு மதியத்தில் அறுபது ரீல் பார்த்திருக்கிறேன், பத்து வினாடிக்குள் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அடுத்ததற்குப் போக வேண்டியதுதான், அவ்வளவு குவிந்து கிடக்கும். அனிமேட்டர் வேலைக்கு அனுப்பும் ரீலில் அசைவு மட்டும் இருக்கட்டும். காரையும் அறையையும் எடுத்துவிடுங்கள். பெயரும் போன் நம்பரும் இரண்டு வினாடி போதும், அடுத்த நொடியே உங்களுடைய மிகச் சிறந்த ஷாட் வர வேண்டும். மொத்தம் நாற்பது வினாடி. நிறமும் வெளிச்சமும் சேர்த்து ரெண்டர் செய்யாத சாம்பல் நிற பொம்மையாக இருந்தாலும் குறையில்லை.

இன்னொன்று, அந்தப் பையன் பெட்டி தூக்கும் ஷாட். பெட்டி காகிதம் போல மேலே வந்துவிடுகிறது. இதே பெட்டி, இதே பையன், உங்கள் பேட்ச்சில் எல்லோரும் செய்த பயிற்சி என்று பார்த்ததுமே தெரிகிறது. உங்கள் வீட்டுத் தறிக்கூடத்திலேயே இதைவிட நல்ல ஷாட் இருக்கிறது. அப்பா பாவு பீமை, அந்த நூல் சுற்றிய கனமான உருளையை, தூக்கித் தறியில் ஏற்றும்போது போனில் படம் எடுங்கள், வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். கை பீமைத் தொடும் முன்பே கால் அகன்றுவிடும், இடுப்பு இறங்கும், பிறகு சில ஃபிரேம்களுக்கு ஒன்றுமே நகராது, தோள் மட்டும் இறுகும். அந்த நகராத ஃபிரேம்களில்தான் பீமின் கனம் தெரிகிறது. ஏற்காடு பஸ்ஸில் போகும்போதும் பாருங்கள், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நிற்கிறவர் வளைவு வரும் முன்பே கம்பியை இறுக்கிப் பிடிக்கிறார், உடம்பு சாய்கிறது, தலை கொஞ்சம் தாமதமாகப் போகிறது, தோளில் தொங்கும் பை எல்லாவற்றுக்கும் கடைசியாக ஆடி நிற்கிறது. இப்படி நீங்களே பார்த்துச் செய்த ஷாட் மூன்று இருந்தால் போதும்.

ஸ்டுடியோக்களில் ஓடும் மாயா என்ற காசு கொடுத்து வாங்கும் அனிமேஷன் மென்பொருள் இல்லையே என்று தயங்க வேண்டாம். பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம், 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' அதில் செய்ததுதான். வேலை கிடைத்த பிறகு மாயாவுக்கு மாறப் பழகிக்கொள்ளலாம்.

மெயிலை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தட்டிவிடாதீர்கள், நாற்பது முகவரியும் ஒரே வரியில் தெரிகிறது. ஒவ்வொரு ஸ்டுடியோவும் என்ன செய்கிறது என்று பார்த்து, எந்த வேலைக்கு எழுதுகிறீர்கள் என்பதைத் தலைப்பிலேயே போட்டு, நாலு வரியில் முடியுங்கள். லிங்க்கை நண்பரின் போனில் திறந்து பாருங்கள், எனக்கு முதல் தடவை அனுமதி கேட்டது.

ரோட்டோ வேலைக்குப் போகலாம். நாள் முழுக்க ஒரு கையின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தால் கண் தேறும், சம்பளம் வரும், ஸ்டுடியோ எப்படி நடக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதியை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது, அதனால் ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டு ராத்திரியில் உங்கள் ஷாட்களைத் தொடருங்கள். வேலைக்கு எடுக்கும் முன் ஸ்டுடியோ செய்துகாட்டச் சொல்லி டெஸ்ட் கொடுத்தால் ஒரு ஷாட், சில நாள், அதற்கு மேல் செய்யாதீர்கள். நான் தொடங்கிய காலத்தில் ஒரு இடத்தில் டெஸ்ட் என்று மூன்று வாரம் வேலை வாங்கினார்கள், வேலை தரவில்லை, அந்த ஷாட்டை அப்புறம் ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். இன்னும் வலிக்கிறது.

வீட்டில் சொல்வதற்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் நிற்கிற அந்த வளைவு, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவின் வாசல். டி.ஆர்.சுந்தரம் 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை எடுத்தது அந்தக் கம்பெனிக்காகத்தான்.

புது ரீல் தயாரானதும் மெயில் போடும் முன் சத்தத்தை அணைத்துவிட்டு அப்பாவிடம் காட்டுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமலே "பீம் நல்ல கனம் போலிருக்கே" என்று அவர் கேட்டால், அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.