அப்பா வந்த பிறகு மாறிய இண்டியானா ஜோன்ஸ்: ‘லாஸ்ட் குருசேட்’ கேள்வி பதில்

கேள்வி: இண்டியானா ஜோன்ஸ் படங்களின் ஐந்து பாகங்களில் மூன்றாவதுதான் பிடிக்கும் என்கிறீர்கள். முதல் படத்தைவிடவா?

முதல் படத்தில் (1981) குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது 1989-ல் வந்த, இயேசுவின் கிண்ணத்தைத் தேடிப் போகும் ‘லாஸ்ட் குருசேட்’தான். காரணம், அப்பா. முன்னிரண்டு படங்களிலும் தொல்லியல் பேராசிரியர் இண்டி (இண்டியானா ஜோன்ஸ்) யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஆள். இதில் பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் துரத்தலைக் கவனியுங்கள். உடைந்த கொடிக்கம்பத்தை எதிரியின் முன்சக்கரத்தில் சொருகி, வண்டியைக் குப்புறத் தள்ளிவிட்டு, இண்டி பெருமையாகச் சிரித்துக்கொண்டே அப்பா பக்கம் திரும்புகிறார். அப்பா முகத்தில் ஒரு பாராட்டும் இல்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்து போகிறது. நம் வீடுகளில் முதல் மார்க் வாங்கி வந்த பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்லை.

கேள்வி: அப்பாவாக வரும் ஷான் கானரிக்கும் இண்டியாக வரும் ஹாரிசன் ஃபோர்டுக்கும் 12 வயதுதான் வித்தியாசமாம். அப்பா மகன் என்று எப்படி நம்புவது?

உண்மைதான். கானரி பிறந்தது 1930, ஃபோர்டு 1942. ஆனால் படம் ஓடும்போது அந்தக் கணக்கு நினைவுக்கே வராது. தாடி, கண்ணாடி, குடை என்று வேஷம் ஒருபுறம் இருக்கட்டும். பேசும் தோரணையிலேயே கானரி வயதைக் கூட்டிவிடுகிறார். இயக்குநர் ஸ்பீல்பெர்குக்கு ஜேம்ஸ் பாண்ட் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. அதற்குப் பதிலாக ஜார்ஜ் லூகாஸ் சொன்ன கதைதான் இண்டியானா ஜோன்ஸ். அதனால் திரையில் முதல் பாண்டாக வந்த கானரியையே இண்டிக்கு அப்பாவாக்கியது பொருத்தமோ பொருத்தம்.

ஆகாயக் கப்பலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிதான் எனக்குப் படத்தின் உயிர். நாம் உட்கார்ந்து பேசியதே இல்லையே என்று மகன் குறைப்படுகிறான். சரி, இதோ இருக்கிறேன், என்ன பேச வேண்டும் என்கிறார் அப்பா. மகனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வசனத்தைச் செதுக்கியவர் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்ட், டைட்டிலில் அவர் பெயர் வராது. செட்டில் சூடு தாங்காமல் கானரி பேன்ட்டைக் கழற்றிவிட்டு நடித்தார் என்று ஃபோர்டே சொல்லியிருக்கிறார். மேஜை மறைத்துவிட்டது!

கேள்வி: அண்ணா, கடைசியில் வருகிற பாறைக் கோயில் நிஜமா, செட்டா? நான் பத்தாவது படிக்கிறேன்.

தம்பி, வெளிப்புறம் நிஜம், உட்புறம் செட். ஜோர்டான் நாட்டில் பெட்ரா என்ற பழைய நகரம் இருக்கிறது. நபாத்தியர்கள் என்ற பழங்கால அரபு மக்கள் மணற்பாறையைக் குடைந்து உண்டாக்கியது. நீ பார்த்தது அங்குள்ள அல் கஸ்னே. குறுகலான மலையிடுக்கு வழியே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் திடீரென்று எதிரே நிற்கும். உள்ளே போனால் படத்தில் வருவது போலப் பொறியும் கிடையாது, காவல் வீரரும் கிடையாது, வெற்று அறைதான். படத்தில் வரும் உட்புறத்தை இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் போட்டார்கள். கதையில் அந்த இடம் ஹதாய் குடியரசு. அதுவும் கற்பனை இல்லை. 1938-ல் உருவாகி, 1939-ல் துருக்கியோடு சேர்ந்துவிட்ட குட்டி நாடு.

கேள்வி: தொடக்கத்தில் வரும் சிறுவன் யார்?

சிறுவயது இண்டியாக வரும் ரிவர் ஃபீனிக்ஸ். 1986-ல் வேறொரு படத்தில் ஃபோர்டுக்கு மகனாகவே நடித்தவர். சாட்டை, பாம்புப் பயம், தொப்பி, தாடைத் தழும்பு எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்வது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் சர்க்கஸ் ரயில் ஓட்டத்தில் அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது?

கேள்வி: இரண்டாம் பாகம் எங்கள் கண்டியில் எடுத்தது. அதை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

கண்டிப் பக்கம் எடுத்த தொங்கு பாலக் காட்சியை ஒருநாளும் ஒதுக்க மாட்டேன். பள்ளத்தாக்கின் மேல் நிஜமாகவே பாலம் கட்டி, நிஜமாகவே அறுத்துவிட்டார்கள். ஒரே தடவைதான் எடுக்க முடியும். ஊர்ப் பூசாரியாக வரும் உங்கள் நாட்டு நடிகர் டி. ஆர். நாணயக்காரவையும் மறக்க முடியாது. ஆங்கிலம் தெரியாமல், ஸ்பீல்பெர்க் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியே அந்தக் கனத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அரண்மனை விருந்தில் குரங்கு மூளையைப் பரிமாறி, இதுதான் இந்தியா என்று காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்திய அரசு படப்பிடிப்புக்கு அனுமதி தராததில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: அவ்வளவு பாடுபட்டுத் தேடிய கிண்ணத்தை ஏன் விட்டுவிட்டு வருகிறார்கள்?

இயேசு கடைசி இராவுணவில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் அந்தக் கிண்ணத்துக்காக அப்பா தன் வாழ்நாளையே கொடுத்தவர். குண்டடி பட்டுச் சாகக் கிடந்தவரைப் பிழைக்க வைத்ததும் அதில் மொண்ட தண்ணீர்தான். தரை பிளந்து கிண்ணம் கீழே ஒரு விளிம்பில் போய் நிற்கிறது. அதை எட்டப் போன, நாஜிகளோடு கைகோத்த எல்சா, இண்டி பிடித்திருந்த கையின் கையுறை நழுவி விழுந்து சாகிறாள். அடுத்த நிமிடம் இண்டி அதே இடத்தில் தொங்குகிறார். ஒரு கையை அப்பா பிடித்திருக்க, மறு கை கிண்ணத்தை நோக்கி நீள்கிறது. எட்டிவிடும் என்கிறார். படம் முழுக்க ‘ஜூனியர்’ என்றே கூப்பிட்ட அப்பா, இப்போது முதன்முறையாக ‘இண்டியானா’ என்கிறார். குரலை உயர்த்தவில்லை. விட்டுவிடு என்கிறார். மகன் திரும்பிப் பார்க்கிறார். ஆயுள் முழுக்கத் தேடிய பொருளைவிட மகன் பெரிது என்று அந்த மனிதர் வாயால் சொல்லவே இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதிலேயே அது இவனுக்குப் புரிந்துவிடுகிறது. சண்டைக் காட்சிக்காக இந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்களும் கண் கலங்குவது இங்கேதான்.

கேள்வி: முதல் படம் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா? எட்டு வயதுப் பையனுக்குக் காட்டலாமா?

கதை புரியும், தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இண்டியின் நண்பர்கள் மார்கஸ், சல்லா இருவரும் பழகிய ஆட்களாக இருப்பார்கள். வெனிஸ் நகரச் சுரங்கச் சுவரில், முதல் படத்தில் இண்டி தேடிய உடன்படிக்கைப் பெட்டியின் படம் வரும்போது சிரிப்பும் வரும். பையனுக்குக் காட்டுங்கள், ஆனால் கூடவே உட்காருங்கள். தவறான கிண்ணத்தில் குடித்த வில்லன் டோனவன் நொடியில் கிழடாகி எலும்புக்கூடாகும் இடத்தில் மட்டும் அவன் கண்ணைப் பொத்திவிடுங்கள்.