மச்சான் கொண்டு வரும் டிரிக்கர்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. எழும்பூரில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறாள். வீட்டில் பழக நம்மூர் ஸ்பிரிங் ரைபிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், டிரிக்கர் கல் மாதிரி இருக்கிறது என்கிறாள். டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போகும் என் மச்சான், தன் ரைபிளில் டிரிக்கரை மாற்றி இரண்டரை பவுண்டுக்கு வைத்திருக்கிறாராம். பொங்கலுக்கு வரும்போது அதே மாதிரி ஒன்று எடுத்து வரட்டுமா என்கிறார். வாங்கலாமா? (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: வேண்டாம் சார், இன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். அந்த டிரிக்கர் உங்கள் ரைபிளில் உட்காரவே உட்காராது. அதோடு, 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் உதிரி பாகங்களும் சேர்த்திதான். லைசென்ஸ் இல்லாமல் அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் மீனம்பாக்கத்தில் அவருடைய பொங்கல் போய்விடும். உங்கள் வீட்டு ஏர் ரைபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை, 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்குள் சக்தியும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை.

இன்னொன்று. இரண்டரை பவுண்டு என்றால், டிரிக்கர் விட விரல் கொடுக்க வேண்டிய இழுப்பு சுமார் 1,130 கிராம். உங்கள் மகள் கிளப்பில் பிடிப்பது மேட்ச் ரைபிளாக, அதாவது போட்டிக்கென்றே செய்ததாக இருந்தால் அதன் டிரிக்கர் 100 கிராம் அளவில்தான் இருக்கும், அதாவது மச்சான் லேசு என்று பெருமைப்படுவது இவளுக்குப் பத்து மடங்கு கனம். அவரைக் குறை சொல்லவில்லை. குளிரில் கையுறை போட்டுக்கொண்டு, குண்டு போட்ட துப்பாக்கியோடு புதருக்குள் நடக்கிறவருக்கு அந்தக் கனம்தான் காவல். பத்து மீட்டரில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், நிற்பது சிமென்ட் தரையில், அங்கே கணக்கே வேறு.

சரி, ஸ்பிரிங் ரைபிள் ஏன் கல்லாக இருக்கிறது? மடக்கி வைத்த பெரிய ஸ்பிரிங்கின் முழு முட்டலையும் உள்ளே சியர் என்கிற சின்னக் கொக்கிதான் பிடித்து நிற்கிறது, டிரிக்கரை இழுக்கும்போது அதைத்தான் நழுவ விடுகிறோம், கனமாகத்தான் இருக்கும். காற்றுச் சிலிண்டர் வைத்த பிசிபி ரைபிளில் சியர் பிடிப்பது சின்னச் சுத்தியல் ஒன்றைத்தான், அதனால்தான் அது பூப்போல விடுகிறது. நானும் ஒருமுறை கெட்டிக்காரத்தனமாக என் ஸ்பிரிங் ரைபிளின் டிரிக்கர் திருகை அரைச் சுற்று திருப்பினேன். விரல் வைத்ததும் விட்டது, ஆகா என்று இருந்தது. அடுத்த நாள் குழலை மடக்கி நிமிர்த்தி மூடியபோது டிரிக்கரைத் தொடாமலே வெடித்தது, நல்லவேளை குழல் சுவரைப் பார்த்திருந்தது. ஆகவே அதில் முதல் கட்ட இழுப்பின், அதாவது விரல் முதலில் லேசாக நகரும் தூரத்தின், நீளத்தை மட்டும் கையேட்டில் சொன்னபடி சரிசெய்யுங்கள், சியரை நழுவ விடும் இரண்டாம் கட்டத்தைத் தொடாதீர்கள். பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) போடாமல் சுட்டுப் பழகவும் விடாதீர்கள், பிஸ்டன் போய் மோதி உள்ளே கெட்டுவிடும்.

காசு செலவழிப்பதென்றால் பழைய மேட்ச் பிசிபிக்குச் சேர்த்து வையுங்கள். புதிது இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது. பழையது பார்க்கும்போது சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள், காலாவதியானதைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது, புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும். அப்புறம் டிரிக்கர். பெல்லட் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, டிரை ஃபயர் நிலையில் (காற்று விடாமல் டிரிக்கர் மட்டும் பழகும் நிலை) வைத்து, குழல் மேலே பார்க்க நிறுத்துங்கள். டிரிக்கரில் நூல் கட்டிச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தொங்கவிட்டு, மருந்துக்கடை ஊசிக் குழாயால் ஐந்து ஐந்து மில்லியாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு மில்லி ஒரு கிராம், டப்பா எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து முறையும் ஏறக்குறைய ஒரே அளவில் விட்டால் நல்ல டிரிக்கர். ஒருமுறை 90, மறுமுறை 130 என்றால் சியர் தேய்ந்திருக்கிறது அல்லது யாரோ நோண்டியிருக்கிறார்கள், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

வாங்கிய பிறகு எடையில் கை வைக்காதீர்கள். முதலில் டிரிக்கர் நாக்கை முன்பின் நகர்த்தி, அவள் விரலின் முனைக்கணு நேராகப் பின்னால் இழுக்கும்படி வையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். பிறகு முதல் கட்டம், அது முடிகிற இடத்தில் விரலுக்கு ஒரு சுவர் தெரிய வேண்டும். கடைசியில்தான் இரண்டாம் கட்ட எடை. ஒவ்வொரு திருகும் கால் சுற்று, பழைய நிலையைக் குறித்துக்கொண்டு. ஏர் ரைபிளுக்கு உலகப் போட்டி விதியில் குறைந்தபட்ச டிரிக்கர் எடை என்று ஒன்று இல்லை, ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். அதற்காக 40 கிராமுக்கு இறக்கினால் மே மாத வேர்வை விரலுக்கு அவள் நினைப்பதற்கு முன்பே விட்டுவிடும்.

கேள்வி: அப்பா காலத்து லைசென்ஸ் ரைபிள், டிரிக்கர் கனம். தெரிந்த லேத் பட்டறையில் தேய்த்துத் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. ஆயுதம் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும், பட்டறைக்காரரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். சியரின் கெட்டிப்படுத்திய மேல்தோல் மிக மெல்லிசு, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும், பிறகு தட்டினாலே வெடிக்கும். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் தன் 700 ரைபிள்களைத் திரும்ப அழைத்ததே, டிரிக்கர் பூட்டும்போது பசை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்பதற்காகத்தான். லைசென்ஸ் உள்ள ஆர்மரியில் (துப்பாக்கி பழுது பார்க்கும் கடை) காட்டுங்கள். பெரும்பாலும் பல வருடத்து எண்ணெய் காய்ந்து பிசினாகிப் போயிருக்கும், கழுவினாலே கனம் இறங்கலாம்.