வீடியோ இருக்கட்டும், போன் யார் கையில் இருந்தது?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ரிசார்ட் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக இருக்கிறேன். போன ஞாயிறு டூட்டியில் இருந்தபோது அம்மா போனில் என்னிடம் பெண் வீட்டு விஷயம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு அக்கா ‘குழந்தை, குழந்தை’ என்று கத்தவும் குதித்தேன். பையனைத் தூக்கிவிட்டேன், ஆனால் டிராயர் நாடா அவிழ்ந்து முழங்காலுக்குப் போய்விட்டது. ஒரே சிரிப்பு. யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிப் பெண் வீட்டுக்கும் போய்விட்டது. வேலையை விட்டுவிடலாமா? அவர்களிடம் எப்படிப் பேசுவது?

பதில்: தம்பி, பந்தியில் வேட்டி அவிழ்ந்த மாப்பிள்ளைகளெல்லாம் இந்தப் பகுதிக்கு எழுதியிருக்கிறார்கள். இப்போது பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள். நாடாவை இரட்டை முடிச்சாகப் போடுங்கள், அதோடு அது முடிந்தது.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘ஒரு அக்கா கத்தவும்’ என்று, அதற்கு வாருங்கள். அவர் காசு கொடுத்துக் குளிக்க வந்தவர். சம்பளம் வாங்கிக்கொண்டு குளத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர் நீங்கள். அவர் கண்ணில் பட்ட குழந்தை உங்கள் கண்ணில் ஏன் படவில்லை? அந்த அக்காவும் அந்த நேரம் பார்த்து ஒரு செல்ஃபி எடுக்கத் திரும்பியிருந்தால்?

மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சு விடவே வழியில்லாதபோது எங்கிருந்து கத்துவது? தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போகும், இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், பார்க்கிறவருக்கு ஏதோ விளையாடுகிற மாதிரியே தெரியும், 20 வினாடியிலிருந்து 60 வினாடிக்குள் உள்ளே போய்விடும். அம்மா பெண்ணின் நட்சத்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள்.

நம் பக்கத்துக் கிணறுகளில் பேரனுக்கு மிதப்பதற்குச் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்க் கூடு) கட்டி இறக்கிவிட்டு, மேலே கல்லில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார் அப்புச்சி. அவருக்கு விசிலும் இல்லை, சம்பளமும் இல்லை. யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் திரும்பாமலே பதில் சொல்வார்.

அப்புறம், இத்தனை எழுதிய நீங்கள் அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! தண்ணீர் குடித்த குழந்தை எழுந்து நடந்துவிட்டாலும், பிறகு விடாமல் இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து சோர்ந்து விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பெற்றவர்களிடம் அதைச் சொல்லி அனுப்பினீர்களா, இல்லை டிராயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டீர்களா? ரிசார்ட்டில் அவர்கள் நம்பர் இருக்கும். கூப்பிட்டு விசாரியுங்கள்.

வேலையை வெட்கத்துக்காக விடாதீர்கள். டூட்டியில் போனைத் தொடாமல் இருக்க முடியாது என்றால் நாளைக்கே விட்டுவிடுங்கள். “ஆறு மணிக்கு மேல நானே கூப்பிடறம்மா” என்று அம்மாவிடம் சொல்வது ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை. அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை என்பது வீட்டில் நல்ல பெயர்தான், ஆனால் குளத்தங்கரையில் அடுத்தவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் நீங்கள் முதலில் கடமைப்பட்டவர்.

பெண் வீட்டுக்கு நீங்களே நேரில் போங்கள். டிராயர் விஷயத்தோடு போன் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். டிராயருக்குச் சிரித்தார்கள் என்றால் கூடச் சேர்ந்து சிரித்துவிடுங்கள். போன் விஷயத்தைக் கேட்டுப் பெண்ணைப் பெற்றவர் முகம் சுளித்து நாலு வார்த்தை திட்டினால், நல்ல இடம், விட்டுவிடாதீர்கள்.