பாரி கைக்கு வரவில்லையா? கொஞ்ச நாளைக்கு அதை மறந்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. சின்ன வயதில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை வீடியோ கேம் ஆடிய பழக்கம் உண்டு. இப்போது பழைய ஆட்டங்களின் தொகுப்பு ஒன்றை வாங்கி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்ட்ரைக் ஆடுகிறேன். பிள்ளைகள் தூங்கியபின் தினமும் அரை மணி நேரம், கென் என்ற பாத்திரத்தை வைத்து. மூன்று வாரமாகியும் பாரி, அதாவது எதிராளியின் அடியைச் சரியான நேரத்தில் தட்டிவிடும் வித்தை, வரவில்லை. ஷோர்யுகென் (எழும்பிக் குத்தும் அடி) போட்டால் ஹடோகென் (கையிலிருந்து பாயும் நெருப்புப் பந்து) வருகிறது. கடைசியில் வரும் வில்லன் கில் செத்துப் பிழைத்து வந்து அடிக்கிறான். ஆன்லைனில் தோல்விக்கு மேல் தோல்வி. வயதாகி ரிஃப்ளெக்ஸ் மங்கிவிட்டதா? ஜாய்ஸ்டிக் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். 1999-இல் வந்த இந்த ஆட்டத்தில் இருப்பதிலேயே கடினமான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். காரணம் எனக்குத் தெரியும், அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். 2004-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ என்ற சண்டை கேம் போட்டி. ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமேஹாராவின் கென்னுக்கு நூலளவு உயிர். எதிராளி ஜஸ்டின் வாங்கின் பாத்திரமான சுன்-லி, சூப்பர் என்ற பெரிய தாக்குதலைப் போடுகிறாள். தடுத்தாலும் கொஞ்சம் உயிர் கரையும், அந்தக் கொஞ்சமே கென்னை வீழ்த்தப் போதும். அதனால் டைகோ 15 உதைகளையும் ஒவ்வொன்றாகப் பாரி செய்து, திருப்பி அடித்து, அந்தச் சுற்றை ஜெயித்துவிட்டார். (அந்த வருடப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.)

பார்ப்பவர்கள் மின்னல் வேகக் கை என்பார்கள். ஆனால் அந்தச் சூப்பரில் திரை உறைந்து விலகியவுடனே முதல் உதை மேலே விழுந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கையை அசைக்க யாருக்கும் நேரமில்லை. இவ்வளவு உயிர் இருக்கும்போது எதிராளி இதைத்தான் செய்வான் என்று டைகோ முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார். முதல் உதை கணிப்பு, மற்றவை மனப்பாடமான தாளம். ரிஃப்ளெக்ஸுக்கு இதில் சின்னப் பங்குதான்.

பாரி என்றதும் நமக்குப் பறம்பு மலை வள்ளல் ஞாபகம் வரும். இந்தப் பாரி அத்தனை தாராளம் கிடையாது. அடி விழுவதற்குச் சற்று முன், எதிராளி இருக்கும் பக்கமான முன்திசையை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். குனிந்து அடிக்கும் தாழ்ந்த அடி என்றால் கீழ்த்திசை. விநாடிக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் ஆட்டத்தில் சுமார் 10 பிரேம் அவகாசம், அதாவது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. அழுத்திப் பிடித்தால் கென் முன்னால் நடப்பான், அடியும் வாங்குவான். திசையைத் தவறாக ஊகித்தாலும் அடிதான். எதிராளி அடிக்காமல் வந்து பிடித்துத் தூக்கி எறிந்தால் பாரி செல்லவே செல்லாது. இத்தனை ஆபத்து இருப்பதால், முதல் இரண்டு மாதம் பின்திசையைப் பிடித்துத் தடுக்கப் பழகுங்கள் என்பேன். அலுப்பான ஆலோசனைதான்.

பாரி ஆசை விடவில்லை என்றால் தூரத்திலிருந்து வரும் ஹடோகெனில் மட்டும் முயலுங்கள். அது வருவது கண்ணுக்குத் தெரியும், தாளம் பிடிபடும்.

அடிப்பதற்குக் கென்னிடம் ஒன்று போதும்: குனிந்தபடி மீடியம் கிக் (நடுத்தர உதை). அதன் நுனி மட்டும் எதிராளியின் காலில் படும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். இந்த ஆட்டமே அந்தத் தூரத்துக்கான சண்டைதான். தூரம் பிடிபட்டதும், கென்னின் சூப்பர்களில் மூன்றாவதான சூப்பர் ஆர்ட் மூன்றை எடுத்துக்கொண்டு, உதைத்த கையோடு சூப்பருக்கான நகர்வையும் போட்டுவிடுங்கள். உதை காற்றில் போனால் சூப்பர் வெளியே வராது, சூப்பருக்காக நிரம்பும் மீட்டரும் செலவாகாது. பட்டால் இரண்டும் சேர்ந்து விழும். எதிராளி தடுத்திருந்தாலும் சூப்பர் வந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அதனால் அவர் முன்னால் நடந்து வரும் நேரம் பார்த்துப் போடுங்கள். நடப்பவர் தடுக்க முடியாது. ஒரு மாதத்துக்கு இது ஒன்றே போதுமான வேலை.

ஷோர்யுகென் விஷயம் அவசரத்தால் வருவது. அதன் நகர்வு: முன், கீழ், முன்-கீழ் மூலை. இதில் முதல் ‘முன்’ பதிவாகாமல் நழுவினால் மிச்சம் இருப்பது ஹடோகென் நகர்வுதான். மெதுவாகப் போடுங்கள். மூலையில் கையை நிறுத்தி, அங்கேயே பஞ்ச் அழுத்துங்கள், மறுபடி முன்திசைக்குத் தாவ வேண்டாம். இதற்கு நேர்மாறான தொல்லையும் ஒரு நாள் வரும்: முன்னால் நடந்துகொண்டே ஹடோகென் போட்டால் ஷோர்யுகென் கிளம்பும். நடையை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் போட்டால் சரியாகும்.

கில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். அவனுடைய மீட்டர் நிரம்பியிருக்கும்போது வீழ்த்தினால் எழுந்து வருவான். அது கம்ப்யூட்டருக்குக் கொடுத்த சலுகை, அதை வைத்து உங்களை எடை போடாதீர்கள். ஆன்லைனிலும் அப்படித்தான். இந்த ஆட்டத்தை இன்றும் விடாமல் ஆடுபவர்களில் பலர் இருபது வருடம் ஊறியவர்கள். உங்களைப் போலவே புதிதாகத் தொடங்கிய ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடனேயே பத்துப் பதினைந்து ஆட்டம் தொடர்ந்து ஆடுங்கள். அப்போதுதான் எதிராளியின் வழக்கம் புரியும், கணிப்பும் வரும்.

ஜாய்ஸ்டிக் இப்போதைக்கு வேண்டாம். கன்ட்ரோலரில் உருளும் குச்சியை விட்டுவிட்டு, பிளஸ் வடிவப் பட்டனைப் பயன்படுத்துங்கள், தட்டு தெளிவாக விழும். டிவியில் ஆடினால் கேம் மோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் படம் தாமதமாக வரும், பழி உங்கள் விரலுக்குப் போகும்.

அப்புறம், தனியாக ஆடும்போது நடுவே ஷான் என்ற பாத்திரம் கூடைப்பந்துகளை வீசும் போனஸ் சுற்று ஒன்று வரும். ஒவ்வொரு பந்தையும் பாரி செய்ய வேண்டும், தவறினால் தோல்வி எதுவும் கிடையாது. அதைத் தாண்டிப் போகாமல் ஆடுங்கள். நானே எல்லாப் பந்தையும் பிடித்ததில்லை. கடைசி இரண்டு எப்போதும் முகத்தில்தான் வந்து விழும்.